பிள்ளைக்கு முதல் ரிமோட் விமானம்: கேட்டவர்களும் என் பதில்களும்

கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: "பையன் விமானம் கேட்கிறான், எதை வாங்குவது?" இந்த வாரம் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே விரிவாகவே பதில் எழுதுகிறேன். பேட்டரியில் பறக்கும் சிறிய விமானங்களைப் பற்றி மட்டும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு அப்பா: மகனுக்கு ஒன்பது வயது. போர் விமானம் மாதிரி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான், விலையும் குறைவு. வாங்கலாமா சார்?

வேண்டாம் சார். அவன் அழுதாலும் வேண்டாம்.

அந்த விலையில் வருபவை பெரும்பாலும் இரண்டு சேனல் பொம்மைகள், அதாவது ரிமோட்டால் இரண்டே வேலைகளைத்தான் கட்டுப்படுத்த முடியும். இரண்டு சின்ன மோட்டார் இருக்கும். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றினால் விமானம் திரும்பும், அவ்வளவுதான். மூக்கை ஏற்றி இறக்க எலிவேட்டர் கிடையாது. மேலே போக வேண்டுமென்றால் மோட்டாரைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. லேசான காற்றில்கூட அது பிள்ளையின் பேச்சைக் கேட்காது, காற்றின் பேச்சைத்தான் கேட்கும். போன வருடம் ஒரு வறண்ட ஏரியில், சாம்பல் நிற ஜெட் ஒன்றோடு ஒரு சிறுவன் வந்தான். ஒரே ஏவல். விமானம் பனைமரங்களுக்கு மேலே போனது, அவன் ரிமோட்டின் குச்சியைக் கடைசிவரை இழுத்துப் பிடித்தபடியே நின்றான். விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. விமானம் திரும்பி வரவில்லை. தப்பு அவனுடையது இல்லை, ஆனால் தனக்குக் கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

முதல் விமானத்துக்கு அழகைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். இறக்கை உடம்புக்கு மேலே இருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு இறக்கையும் நுனியில் லேசாகத் தூக்கியிருக்க வேண்டும். அப்படி இருந்தால், ஒரு பக்கம் சாய்ந்தாலும் கையை எடுத்ததும் விமானம் தானே நிமிரப் பார்க்கும். எடை நூறு கிராமுக்குள் இருந்தால் விழுந்தாலும் பெரிதாக உடையாது, யார் மேலாவது பட்டாலும் காயம் குறைவு. குறைந்தது மூன்று சேனல் வேண்டும்: மோட்டார், பக்கவாட்டில் திருப்பும் ரடர், எலிவேட்டர். சாய்வை உணர்ந்து தானே சரிசெய்யும் ஜைரோ இருந்தால் இன்னும் நல்லது.

இந்த அளவில் நான் தைரியமாகச் சொல்வது வோலண்டெக்ஸ் நிறுவனத்தின் ஸ்போர்ட் கப் 500 வகை. இறக்கை அரை மீட்டர்தான். நான்கு சேனலும் ஜைரோவும் உண்டு, தொடக்கநிலையில் வைத்தால் ஓர் அளவுக்கு மேல் சாய விடாது. அதன் உருவம் 1938இல் வந்த பைப்பர் ஜே-3 கப் என்ற நிஜ விமானத்தை ஒத்தது. அமெரிக்காவில் எத்தனையோ பேர் விமானம் ஓட்டக் கற்றது அதில்தான். மேலே இறக்கை, மெதுவான வேகம். பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்த அதே குணம்தான் உங்கள் மகனுக்கும் உதவும். ஜெட்டை இரண்டாவது வருடம் வாங்கிக்கொடுங்கள், அவனே ஓட்டுவான்.

தாம்பரத்திலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு ஆறு வயது. இப்போதே தொடங்கலாமா? மொட்டைமாடியில் பறக்க விடலாமா?

ஆறு வயதுக்கு ரிமோட் வேண்டாம் மேடம். கையால் வீசும் தெர்மோகோல் கிளைடர் ஒன்று வாங்கிக்கொடுங்கள். மூக்கில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி வீசச் சொல்லுங்கள், பிறகு அதையே வாலில் ஒட்டி வீசச் சொல்லுங்கள். எடை எங்கே இருந்தால் விமானம் பறக்கும், எங்கே இருந்தால் குப்புற விழும் என்பது அவள் கைக்கே புரிந்துவிடும். எட்டு வயதில் ரிமோட் தரலாம், அப்போதும் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மொட்டைமாடி கூடவே கூடாது. பிள்ளை அண்ணாந்து பார்த்தபடி பின்னால் நடக்கும். தவிர, நீங்கள் இருப்பது விமானப்படைத் தளத்துக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் நடுவில். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் ஆளில்லாமல் பறக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. 250 கிராமுக்கு உட்பட்டதற்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் இடக் கட்டுப்பாடு எல்லா எடைக்கும் உண்டு. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம்தான் எல்லை, அதைத் தாண்டிய பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி தேவைப்படாத பகுதியில், 400 அடி. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலையில் ஊருக்கு வெளியே போய்விடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தாத்தா: பேரனுக்கு வாங்கிவிட்டேன். எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். எப்போது பறக்கவிடுவது?

ஐயா, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியிலும் ஆடியிலும் இந்தக் குட்டி விமானத்தை விடாது. அந்த இரண்டு மாதமும் பெட்டியிலேயே இருக்கட்டும். மற்ற மாதங்களில் விடிந்ததிலிருந்து ஏழரை மணி வரை நல்ல நேரம். வேப்பிலை அசையாமல் இருந்தால் போகலாம். கொஞ்சம் காய்ந்த புல்லைக் கிள்ளி, தோள் உயரத்திலிருந்து விடுங்கள். காலடியிலேயே விழுந்தால் பறக்கவிடலாம், இரண்டடி தள்ளிப் போனால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அறுவடை முடிந்த வயல் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

ஏவுவது நீங்கள், குச்சி பேரன் கையில். காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, விமானத்தை மட்டமாக, ஈட்டி எறிவது போல விடுங்கள். வானத்தைப் பார்த்து எறிந்தால் வேகம் செத்து அப்படியே குத்தும்.

மதுரையிலிருந்து, எட்டாம் வகுப்பு படிக்கும் தம்பி: அண்ணா, விமானம் என்னைவிட்டுப் போகும்போது நன்றாக ஓட்டுகிறேன். என்னைப் பார்த்துத் திரும்பினால் இடது வலது மாறிவிடுகிறது. எப்படிப் பழகுவது?

தம்பி, எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். எனக்கும் இதிலிருந்து மீள இரண்டு மாதம் ஆனது.

இடது வலது என்று மனதில் கணக்குப் போடாதே, அதற்குள் விமானம் தரையில் இருக்கும். எதிரே வரும் விமானத்தில் எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, உன் கண்ணுக்குத் தெரியும் அதே பக்கமாகக் குச்சியைத் தள்ளு. சாயும் வாழைக்கு முட்டுக் கொடுப்பது போல, தாழ்ந்த இறக்கைக்குக் குச்சியால் முட்டுக் கொடு. அது நிமிரும். நிமிர்ந்ததும் விட்டுவிடு.

இதை வயலில் கற்றால் செலவு. திரையிலேயே விமானம் ஓட்டிப் பழக பிகாசிம் என்ற சிமுலேட்டர் இலவசம், கைபேசியிலும் ஓடும். தினம் பதினைந்து நிமிடம், விமானத்தை உன்னை நோக்கி மட்டும் ஓட்டிப் பழகு. ஒரு வாரம் போதும், விரல் தானாக நகரும். இன்னொன்று: பயந்தால் எல்லோருக்கும் கை குச்சியைப் பின்னால் இழுக்கும். மூக்கு தூக்கும், வேகம் போகும், விமானம் கல் மாதிரி விழும். உயரம் இருந்தால் பயம் வந்ததும் குச்சியை நடுவில் விட்டுப் பார். பாதி நேரம் அது தானே சமாளித்துக்கொள்ளும்.

துபாயிலிருந்து ஒரு மாமா: தங்கை மகனுக்கு இங்கிருந்து வாங்கி வரலாமா?

வேண்டாம். 2022 பிப்ரவரியில் முழுமையாகத் தயாரான ட்ரோன்களை இறக்குமதி செய்வதற்கு இந்தியாவில் தடை வந்தது. சுங்கத்தில் ரிமோட் விமானத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால் பிள்ளைக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். உள்ளூரில் வாங்கப் பணம் அனுப்புங்கள். அதில் இரண்டு பேட்டரிக்கும் நான்கு ப்ரொப்பல்லருக்கும் சேர்த்து அனுப்புங்கள். முதல் மாதம் ஒடியப் போவது ப்ரொப்பல்லர்தான்.

ஈரோட்டிலிருந்து ஒரு அக்கா: ஒடிந்த இறக்கையைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன், நுரை உருகிப் பள்ளமாகிவிட்டது.

உங்களுடையது சாதாரண தெர்மோகோல், அக்கா. அந்தப் பசை அதைத் தின்றுவிடும். ஈபிஓ, ஈபிபி என்ற வேறு வகை நுரையாக இருந்தால் அதே பசை தாராளமாகப் பிடிக்கும். அதனால் வாங்கும்போதே எந்த நுரை என்று கேளுங்கள். இப்போதைக்குப் பள்ளத்தைச் சீவி எடுத்துவிட்டு, வேறு தெர்மோகோல் துண்டை வெட்டிப் பொருத்தி, மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையால் ஒட்டி ஒரு ராத்திரி காயவிடுங்கள். மேலே அகல செலோடேப். பிறகு இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்னால், அடியில் இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கிப் பாருங்கள். மட்டமாக நிற்க வேண்டும். வால் தொங்கினால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். வால் கனத்த விமானத்தைத் தேர்ந்தவர்களாலும் காப்பாற்ற முடியாது.

சேலத்திலிருந்து ஒரு அப்பா: பேட்டரி உப்பிவிட்டது. சார்ஜ் செய்யலாமா?

கூடாது. இந்த விமானங்களில் வரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பினால் அதன் ஆயுள் முடிந்தது. நல்ல பேட்டரியாக இருந்தாலும் பறந்து வந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், கால் மணி நேரம் ஆறட்டும். 150 எம்ஏஎச் பேட்டரிக்கு 0.15 ஆம்பியர் போதும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் 4.2 வோல்ட் ஏறிவிடும். சார்ஜ் செய்யும்போது மெத்தைமேல் வைக்காமல் தரை ஓட்டின்மேல் வையுங்கள், பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பல வாரம் பறக்கவிடாமல் வைப்பதென்றால் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.

வரிசையும் முக்கியம்: முதலில் டிரான்ஸ்மிட்டரை (கையில் இருக்கும் ரிமோட்) ஆன் செய்ய வேண்டும், பிறகு விமானத்தின் பேட்டரியை மாட்ட வேண்டும். முடிக்கும்போது நேர்மாறாக, முதலில் விமானத்தின் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேட்டரி மாட்டிய நொடியிலிருந்து பிள்ளையின் விரலும் தலைமுடியும் ப்ரொப்பல்லருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: தென்னையில் மாட்டிக்கொண்டது. பையன் ஏறுகிறேன் என்கிறான்.

ஏற விடாதீர்கள். முதல் வேலை மோட்டாரை முழுக்க நிறுத்துவது; மாட்டிய நிலையில் சுற்றினால் மோட்டார் கருகும். எட்டினால் தொரட்டியால் மட்டையை அசைத்துப் பாருங்கள், கீழே இருவர் போர்வையைப் பிடித்து நிற்கட்டும். எட்டாவிட்டால் மரம் ஏறுபவருக்குக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள், இன்றே கூப்பிடுங்கள். ராத்திரி முழுக்க மாட்டியே கிடந்தால் பேட்டரி அடிவரை வடிந்து செத்துவிடும்.