பெயர் தெரியாத படகுக்கு முன்பணம் எதற்கு?

கேள்வி: பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு ஆலப்புழை போய், ஒரு இரவு படகு வீட்டில் தங்கலாம் என்றிருக்கிறோம். பெரியவர்கள் 9 பேர், குழந்தைகள் 2 பேர் (வயது 6, 9). மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலி. வாட்ஸ்அப்பில் ஒருவர் மூன்று படுக்கையறை கொண்ட மாடிப் படகின் படங்களை அனுப்பி, பாதிப் பணத்தை உடனே ஜிபே செய்யச் சொல்கிறார். "11 பேர் தாராளமாகப் போகலாம், பிள்ளைகளைக் கணக்கில் எடுக்க மாட்டோம்" என்கிறார். நம்பலாமா? வேம்பநாட்டு ஏரித் தண்ணீர் நன்னீரா, உப்புநீரா? குழந்தைகள் குளிக்கலாமா? — ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: குளிக்கிற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம்.

வேம்பநாடு கொச்சியில் போய்க் கடலோடு சேரும் காயல். வடக்குப் பக்கம் உப்பு. தெற்கே பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆறுகள் வந்து விழுவதால் நன்னீர். மழை நின்றதும் கடல்நீர் மேலேறி வந்து குட்டநாட்டு நெல்வயல்களைக் கெடுத்துவிடும். அந்த வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே கிடப்பவை. அதற்காகத்தான் 1970களில் தண்ணீர்முக்கத்தில் ஏரியின் குறுக்கே தடுப்பணை கட்டி முடித்தார்கள். வழக்கமாக டிசம்பர் நடுவில் கதவுகளை இறக்குவார்கள், கோடையில் தூக்குவார்கள். ஆக, நீங்கள் போகும் நாளில் அணைக்குத் தெற்கே உள்ள ஆலப்புழை, குமரகம் பகுதியில் தண்ணீர் உப்புக் கரிக்காது.

ஆனால் கதவு இறங்கிவிட்டால் தண்ணீர் ஓடாது. வயலில் அடித்த மருந்து, போட்ட உரம், கரையோரச் சாக்கடை, படகுக் கழிவறைக் கழிவு எல்லாம் அங்கேயே கிடந்து ஊறும். குட்டநாட்டில் எலிக்காய்ச்சல் புதிதல்ல. உப்பு ஏறினால் செத்துப்போகும் ஆகாயத்தாமரை, நன்னீரில் பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடக்கும். உள்ளூர்க்காரர்கள் அதைப் 'போள' என்பார்கள். படகின் புரொப்பெல்லரில் அது சுற்றிக்கொண்டால் படகு நின்றுவிடும், ஒருவர் தண்ணீரில் இறங்கி அறுத்தெடுப்பார். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வேலை வேண்டாம். நாலாபக்கமும் தண்ணீர் இருந்தும் குடிதண்ணீர் வண்டிக்கும் படகுக்கும் காத்திருக்கிற ஊர் அது. கேன் தண்ணீர் வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள்.

இனி அந்த வாட்ஸ்அப் ஆள்.

உள்நாட்டுப் படகுகளைச் சோதித்துப் பார்ப்பதையே 26 ஆண்டுகள் பிழைப்பாகச் செய்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களுக்குப் படம் அனுப்புகிறவரிடம் பெரும்பாலும் படகு இருக்காது, போன் மட்டும்தான் இருக்கும். உங்கள் பாதிப் பணம் வந்த பிறகுதான், எந்தப் படகுக்காரர் குறைந்த விலைக்கு வருவார் என்று தேடுவார். இடையில் இருப்பது அவர் லாபம். அது குற்றமல்ல, வியாபாரம்தான். ஆனால் அவர் லாபம் கூடக்கூட உங்களுக்குக் கிடைக்கும் படகு பழசாகும். போய் இறங்கினால், "உங்க படகுல எஞ்சின் ரிப்பேர் சார், அதே மாதிரி வேற படகு தர்றோம்" என்பார்கள். எனக்குத் தெரிந்து அந்த எஞ்சின் பல வருடமாக ரிப்பேரில்தான் இருக்கிறது.

அவருடைய பலம் எது தெரியுமா? உங்கள் ரயில். ஈரோட்டில் நள்ளிரவுக்கு மேல் ஏறினால் ஆலப்புழையில் முற்பகலில்தான் இறங்குவீர்கள். படகு கிளம்புவது 12 மணிக்கு. கையில் பதினைந்து பை, பசித்த பிள்ளைகள், முழங்கால் வலியோடு பாட்டி. அந்த நேரத்தில் எந்தப் படகைக் காட்டினாலும் ஏறிவிடுவீர்கள். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆகவே ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். ஊருக்குள் சாதாரண விடுதியில் தங்குங்கள். முதல் நாள் ஏறியவர்களைக் காலை 9 மணிக்கு இறக்கிவிட்டு, 12 மணிக்குப் புது ஆட்களை ஏற்றும் வரை படகுகள் எல்லாம் கரையில்தான் கழுவிக்கொண்டு நிற்கும். அந்த மூன்று மணி நேரம் உங்களுடையது. குடும்பத்தில் இரண்டு பேர் போய் ஏறிப் பாருங்கள். போர்வையை முகர்ந்து பார்ப்பது உங்கள் விருப்பம். நான் பார்க்கச் சொல்வது வேறு.

படகின் பக்கவாட்டில் பதிவெண் எழுதியிருக்கும். எழுதியிருக்கவில்லை என்றால் இறங்கிவிடுங்கள், பேச்சே வேண்டாம். அந்த எண்ணுக்கான சோதனைச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் இரண்டே விஷயம் பாருங்கள்: எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை பயணிகளுக்கு அனுமதி. மற்றதெல்லாம் எங்களைப் போன்றவர்கள் தலையை உடைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி. "ஆபீஸ்ல இருக்கு" என்று பதில் வந்தால், சான்று இருக்கும் படகை அடுத்த துறையில் தேடுங்கள்.

பிறகு உயிர்காப்புச் சட்டை. ஒருமுறை ஒரு படகில் கேட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பாலிதீன் பிரிக்காத ஒரு மூட்டையை இழுத்துப் போட்டார்கள். பிரித்தால், 12 சட்டையில் 7 சட்டைக்கு வார் இல்லை, எலி தின்றிருந்தது. குழந்தை அளவில் ஒன்றுகூட இல்லை. சான்றில் எல்லாம் சரியாக இருந்தது! சான்று எழுதப்பட்ட அன்று எலிக்குப் பசியில்லை போலிருக்கிறது. ஆகவே நீங்களே எண்ணுங்கள். பெரியவர் சட்டையை 6 வயதுப் பிள்ளைக்கு மாட்டினால் பிள்ளை கீழே நழுவும், சட்டை மட்டும் மிதக்கும். பிள்ளைகள் இருவருக்கும் போட்டுப் பார்த்து, கால் இடுக்கு வாரையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேல் ஏறினால் அது அவர்களுக்கான அளவு அல்ல. "பிள்ளைகளைக் கணக்கில் எடுக்க மாட்டோம்" என்கிறாரே, அவர் சாப்பாட்டுக் கணக்கைச் சொல்கிறார். தண்ணீருக்கு அந்தச் சலுகை தெரியாது. நீங்கள் 11 பேர்.

மாடிப் படகு பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. நான் சொல்லாமல் விடப்போவதில்லை. இன்றைய படகு வீட்டின் மூதாதையான பழைய கெட்டுவள்ளம் நெல் ஏற்றப் பிறந்தது. அயனிப் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த, தட்டையான அடிப்பாகம். மூட்டைகள் அடியில் கிடக்கும், படகு கெட்டியாக நிற்கும். அதே வடிவத்தின் தலையில் ஒரு மாடியைக் கட்டி, மாலை நேரத்தில் முப்பது பேரை ஏற்றி நடனம் ஆடவிட்டால் என்ன ஆகும்? வைக்கோலை உயரமாக ஏற்றிய மாட்டுவண்டி வளைவில் எப்படிச் சாயும் என்று உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் மாடியோடு இருந்த சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். வனவிலங்கைப் பார்க்க ஒரே பக்கமாக ஆட்கள் நகர்ந்தது, அந்தப் படகு அதைத் தாங்காதது, இரண்டும் சேர்ந்துகொண்டன. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். குழந்தைகளே அதிகம். அளவுக்கு மீறிய ஆட்கள், இருட்டிய பிறகு ஓட்டிய படகு. உங்கள் ஏரியிலேயே, 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் போன பயணிகள் படகில் 29 பேர். ஒவ்வொன்றுக்கும் ஒரு விசாரணை ஆணையம். அறிக்கை வந்த பிறகு ஒரு மாதம் எல்லாப் படகையும் மறித்துச் சோதிப்பார்கள். அதற்கடுத்த மாதம் மறிப்பவருக்கு வேறு வேலை வந்துவிடும். 1917 சட்டத்தை மாற்றி 2021இல் புது உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது, நல்ல சட்டம்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு துறையில் நிற்க ஆள் போட வேண்டும் என்று சட்டத்தில் எழுதவில்லை போலும்.

உங்களுக்கு ஒற்றைத் தளப் படகுதான். மூன்று அறை ஒன்றில் 11 பேரை அடைப்பதற்குப் பதில் இரண்டு படகு எடுங்கள். செலவு கூடும், தெரிந்தேதான் சொல்கிறேன். மாமியாருக்கும் மாடிப்படி மிச்சம்.

சரி, முன்பணம் கொடுக்கவே கூடாதா? சாதாரண நாளில் கூடாது. ஆனால் நீங்கள் போவது பொங்கலுக்கு, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலும் பொங்கலிலும் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் படகு கிடைக்காமல் போகலாம். அதிலும் பொங்கல் நாளில்தான் சபரிமலையில் மகரவிளக்கு. கேரளம் போகும் ரயில் எல்லாம் நிரம்பி வழியும், திரும்பும் வழியில் ஆலப்புழையைப் பார்த்துவிட்டுப் போகும் கூட்டமும் உண்டு. ஆகவே இந்த நாட்களுக்கு மட்டும் முன்பணம் கொடுக்கலாம், இப்படி: படகின் பெயரும் பதிவெண்ணும் எழுத்தில் வரவேண்டும். வந்த பிறகு வீடியோ அழைப்பில், படகின் மேல் நின்றுகொண்டு அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். பழைய வீடியோவை அனுப்புகிறேன் என்றால் வேண்டாம், நேரலையில்தான். படகு ஓடிக்கொண்டிருக்கிறது, சிக்னல் இல்லை என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம், காலை 10 மணிக்குக் கரையில் நிற்கும்போது கூப்பிடச் சொல்லுங்கள். பாதிப் பணம் அல்ல, நாலில் ஒரு பங்கு. அதுவும் படகு உரிமையாளர் பெயரில் உள்ள கணக்குக்கு. வேறு படகு தந்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்று நீங்களே ஒரு வரி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் கணக்கு வங்கியில் சிக்கல், மைத்துனன் எண்ணுக்கு அனுப்புங்கள் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஜனவரி 18, 19க்குத் தள்ளிப்போட முடிந்தால் இந்தப் பத்தி முழுவதையும் மறந்துவிடலாம், வார நாளாக இருந்தால் துறையில் நின்று விலை பேசலாம். ஆலப்புழையில் பொங்கல் விடுமுறை இல்லை என்பதை மறக்காதீர்கள். கூட்டம் நம்மாலேயே வருவது.

மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் குழுவின் முன்பதிவு மையத்தில் கேட்கலாம். ஆனால் 'டூரிஸ்ட் இன்ஃபர்மேஷன்' என்று பெரிதாகப் பலகை மாட்டிய கடை எல்லாம் அரசுடையது அல்ல. பேருந்து நிலையமும் படகுத்துறையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், இறங்கியவுடன் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வருவார்கள். ஆட்டோக்காரர் "எனக்குத் தெரிஞ்ச ஓனர்" என்றால் அவருடைய கமிஷனும் உங்கள் பில்லில்தான்.

'21 மணி நேரப் பயணம்' என்ற சொல்லுக்கும் ஏமாறாதீர்கள். மாலை ஐந்தரை வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். இரவு மீனவர்கள் வலை விரிக்கும் நேரம், அது சரியான விதி. 12க்குக் கிளம்பி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கட்டி, நடுவில் ஒரு மீன்கடையில் நிறுத்தி, ஓடுவது நாலு மணி நேரம் இருந்தால் அதிகம். அந்த மீன்கடையில் ஆற்றுக்கொஞ்சு காட்டுவார்கள், கைநீள நீலக்கால் இறால். நன்னீரில் வளர்ந்து, முட்டையிட உப்புநீருக்குப் போகிற ஜாதி. தடுப்பணை வந்த பிறகு குறைந்துபோனது, அதனால் விலை. எடைக்கு முன் விலையையும், சமைக்க எவ்வளவு என்பதையும் கேளுங்கள். ஏசி பெரும்பாலும் இரவு 9 முதல் காலை 6 வரை மட்டும்.

இன்னொன்று, படத்தில் பார்த்த தென்னை கவிந்த குறுகிய வாய்க்காலில் உங்கள் பெரிய படகு நுழையாது. அதற்குச் சின்ன வள்ளமோ சிக்காராவோ எடுக்க வேண்டும், மணிக்கணக்கில் வாடகை.

இரவு கட்டிய படகிலிருந்து கரைக்கு ஒரு பலகை போடுவார்கள். ஒரு அடி அகலம், பனியில் வழுக்கும். மாமியார் ஏறும்போது சராங்கிடம் (படகோட்டி) சொல்லி இரண்டு பலகையைச் சேர்த்துப் போட்டு ஒருவர் கையைப் பிடிக்கச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக்கூடாது. முன்பக்கத்துக் கைப்பிடிக் கம்பிக்கு இடையில் 6 வயதுப் பிள்ளை தலையை நுழைக்க முடிகிறதா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

காலையில் போய்ப் பார்த்து எந்தப் படகும் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் கொடுத்த நாலில் ஒரு பங்கு போனால் போகிறது என்று விட்டுவிடுங்கள். ஊர்ப் படகுத்துறையில் கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு நிற்கும். கோட்டயத்துக்கும், காயலோரக் குட்டநாட்டுக் கிராமங்களுக்கும் போவது. பள்ளிப் பிள்ளைகளும் பால்காரரும் ஏறி இறங்குவார்கள், சில பத்து ரூபாய்தான் டிக்கெட். ஒரு பக்கம் கூட்டமாக நின்றால் படகு ஊழியரே அதட்டி உட்கார வைப்பார். 11 பேரும் அதில் போய் இரண்டரை மணி நேரத்தில் கோட்டயத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஈரோட்டுக்கு ரயில் உண்டு.