தழும்பு மறைந்தால்தான் குணமா?

கேள்வி: என் 8 வயது மகனுக்கு ஹெர்ப்பிஸ் வைரஸால் மூளை அழற்சி ஏற்பட்டு, 21 நாள்கள் ஊசி மருந்து கொடுத்தார்கள். 6 மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இடது பொட்டு மடலில் (காதுக்கு அருகே உள்ள மூளைப் பகுதி) தழும்பு இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். நன்றாக நடக்கிறான், பேசுகிறான். ஆனால், காலையில் படித்தது மாலையில் நினைவில் இல்லை. தழும்பு மறையும்வரை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

பதில்: அந்தத் தழும்பு பெரும்பாலும் மறையாது, அது இருக்கும்போதே உங்கள் மகன் மேலும் தேற முடியும். ஹெர்ப்பிஸ் வைரஸ் பொட்டு மடலைத்தான் அதிகம் தாக்குகிறது. அங்கே அழிந்த திசுவின் தடம் படத்தில் நிலைத்துவிடும். ஆனால், மற்ற பகுதிகள் அதன் வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்வதை வழக்கமான ஸ்கேன் காட்டாது. இதற்கு மாறாக, நரம்பணுக்களில் சமிக்ஞைகளை வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் வேறொரு வகை மூளை அழற்சியில், குழந்தை பேச்சிழந்து படுத்திருக்கும் நிலையிலும் பலருக்கு ஸ்கேன் இயல்பாகவே இருக்கும். ஆகவே, படத்தை மட்டும் வைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிக்க இயலாது.

மறதியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். புதியவற்றை நினைவில் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பொட்டு மடலின் உட்புறத்தில் இருக்கிறது. இடப்பக்கப் பாதிப்பு, படித்ததையும் கேட்டதையும் நினைவில் வைப்பதைக் கடினமாக்கலாம். இது சோம்பல் அன்று. தயவுசெய்து அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். நினைவு, கவனம், மொழி ஆகியவற்றைத் தனித்தனியே அளக்கும் நரம்பு உளவியல் பரிசோதனையைச் செய்து, அறிக்கையை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். மேல் வகுப்புகளில் பாடச்சுமை கூடும்போது புதிய சிரமங்கள் வெளிப்படலாம் என்பதால், இடைவெளி விட்டு அதை மீண்டும் செய்வது நல்லது. வீட்டில் ஒரு பத்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடி, அவன் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். அதையே இரவு உறங்குமுன் மறுபடி கேளுங்கள்.

தழும்பைக் கண்காணிக்க மட்டும் ஸ்கேன் தேவையில்லை. வலிப்பு வந்தாலோ, பேச்சு பின்னடைந்தாலோ, குணம் திடீரென மாறினாலோ, கைகால்களில் விசித்திரமான அசைவுகள் தோன்றினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஹெர்ப்பிஸ் அழற்சிக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு, நான் மேலே சொன்ன எதிர்ப்பாற்றல் வகை அழற்சியும் தொடர்ந்து வருவதுண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு. கூப்பிட்டாலும் திரும்பாமல் சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி வாயைச் சப்புக்கொட்டினால், அதுவும் வலிப்பாக இருக்கலாம். கைப்பேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்ய அது பெரிதும் உதவும்.