ஜிபேயில் போன 3,200 ரூபாய்

கேள்வி: கோவையில் ஆறு ஆண்டுகளாக மழலையர் பள்ளியும் பகல்நேரக் காப்பகமும் நடத்துகிறேன். சென்ற மாதம் 13 குழந்தைகளை (இரண்டரை முதல் நான்கு வயது) மண்டல அறிவியல் மையத்துக்கு அழைத்துப்போனோம். எங்கள் வேன் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால், தெரிந்தவரின் ஏழு சீட் வேனை 3,200 ரூபாய் வாடகைக்கு எடுத்தோம். அது ஓன் போர்டு (சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் பதிந்த) வண்டி. திரும்பும்போது டிரைவர் செல்போனை எடுக்கப்போய், அவிநாசி சாலையில் சென்டர் மீடியனில் மோதிவிட்டார். ஆசிரியையின் மடியில் இருந்த மூன்றரை வயதுப் பையனுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. இன்னும் மூன்று குழந்தைகளுக்குத் தையல். போலீஸ் டிரைவர்மீது வழக்குப் பதிந்திருக்கிறது. வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ்கூட அவருக்கு இல்லையாம். பையனின் அப்பா பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் என்னைக் கொலைகாரி என்று எழுதுகிறார். எட்டுக் குழந்தைகள் நின்றுவிட்டார்கள். ‘அசம்பாவிதத்துக்குப் பள்ளி பொறுப்பல்ல’ என்று எல்லாப் பெற்றோரும் கையெழுத்திட்ட படிவம் என்னிடம் இருக்கிறது. இப்போது பையனின் அப்பா, 4 லட்சம் கொடுத்தால் சமாதானம் என்று முத்திரைத்தாளில் எழுதித் தருகிறேன் என்கிறார். வண்டி உரிமையாளரோ, ‘வாடகை வாங்காமல் சும்மா கொடுத்தேன் என்று சொல்லுங்கள், இன்சூரன்ஸ் கிடைத்துவிடும்’ என்கிறார். அவதூறு வழக்குப் போடலாமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவதூறு வழக்கை மறந்துவிடுங்கள். குழந்தையின் கால் கட்டில் இருக்கும்போது அப்பா எழுதியதை எந்த நீதிமன்றமும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. நீங்கள் போடும் வழக்கில் முதல் குறுக்குக் கேள்வியே ‘வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள்?’ என்பதாக இருக்கும். டிரைவருக்கு பேட்ஜ் இல்லை என்பதையும் விடுங்கள். இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்த்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வரி ஒன்றுதான்: ஓன் போர்டு வண்டிக்கு வாடகை கொடுத்தீர்கள். வாடகைக்கு ஓட்ட பர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டினால், பணம் கட்டும் பொறுப்பிலிருந்து விலக இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 150-ஆம் பிரிவு வழி கொடுக்கிறது. பர்மிட் இல்லாதது அடிப்படை மீறல் என்று 2018-இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் நடப்பது இதுதான்: குழந்தைக்கு நிறுவனம் முதலில் கொடுக்கும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும். அதுவும் பேக்கேஜ் பாலிசியாக (வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுத்ததாக) இருந்தால்தான். ஓன் போர்டு வண்டிக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், உள்ளே பயணம் செய்தவர்களுக்கு அதில் பாதுகாப்பே கிடையாது. நிறுவனம் முழுதாகக் கைவிரித்துவிடும். ஆகவே இன்றே அந்த பாலிசியின் நகலை வாங்கிப் பாருங்கள். ‘ஓன் டேமேஜ்’ (வண்டியின் சொந்தச் சேதம்) பிரீமியம் என்று தனி வரி இருக்கிறதா, எத்தனை சீட் என்று போட்டிருக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள்.

சீட் எண்ணிக்கை ஏன் என்றால், ஏழு சீட்டில் டிரைவரைக் கழித்தால் பயணிகள் ஆறு பேர். குழந்தைகள் 13, மடியில் வைத்துக்கொண்ட ஆசிரியை, உடன் வந்த ஆயா என்றால் 15 ஆகிறது. அளவுக்கு மீறி ஏற்றிய வண்டியில் அனுமதித்த எண்ணிக்கை வரைதான் நிறுவனத்தின் பொறுப்பு என்பது 2007-ஆம் ஆண்டு அஞ்சனா ஷ்யாம் வழக்கின் தீர்ப்பு. சின்னக் குழந்தைகள்தானே, இரண்டு பேர் ஒரு ஆள் கணக்கு என்ற வாதத்தை எடுக்காதீர்கள். 14 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தையையும் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி குற்றம். அதில் அபராதம் 1,000 ரூபாய்தான். ஆனால் கவனக்குறைவு என்பதற்கு அந்த ஒன்றே எதிர்த்தரப்புக்குப் போதும்.

இன்சூரன்ஸ் ஒதுங்கினால் பையனின் வழக்கறிஞர் யாரைப் பிடிப்பார்? பழைய வேன் ஒன்றை வைத்திருப்பவரிடம் எடுக்க ஒன்றுமில்லை. கட்டடம், பெயர், வங்கிக் கணக்கு எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன. வண்டியைத் தேர்ந்தெடுத்ததும் ஏற்றியதும் நீங்கள். பெற்றோர் குழந்தையை ஒப்படைத்ததும் உங்களிடம்தான். எதிர்மனுதாரர் பட்டியலில் உங்கள் பெயர் கட்டாயம் வரும்.

இந்தக் கட்டத்தில் பள்ளி நடத்துபவர்கள் வழக்கமாகச் செய்யும் மூன்று தவறுகள்தான் அவர்களை அழிக்கின்றன. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் மூன்றின் வாசலிலும் நீங்கள் நிற்கிறீர்கள்.

முதலாவது, ‘சும்மா கொடுத்தேன்’ என்ற பொய். 3,200 ரூபாய் ஜிபேயில் போயிருக்கும். குறிப்பில் ‘ட்ரிப் ரெண்ட்’ என்று நீங்களே எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு. பெற்றோரிடம் சுற்றுலாக் கட்டணம் வாங்கிய சுற்றறிக்கையும் எல்லார் கையிலும் இருக்கும். இன்சூரன்ஸ் புலனாய்வாளர் முதலில் கேட்பது வங்கி அறிக்கையும் பெற்றோர் வாக்குமூலமும்தான். பொய் உடைந்தால் இன்சூரன்ஸ் போவதோடு நிற்காது. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் பொய் சாட்சி சொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 229-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வண்டி உரிமையாளர் தப்பிக்க நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறாதீர்கள். புலனாய்வாளர் கேட்டால் ‘வாடகைக்கு எடுத்தோம்’ என்ற உண்மையை ஒரே வரியில் சொல்லுங்கள். அதற்குமேல் வழக்கறிஞர் வழியாக எழுத்தில்.

இரண்டாவது, புகைப்படம். கிளம்பும்போது குழந்தைகள் கையசைக்கும் படத்தைப் பள்ளி குரூப்பில் போட்டிருப்பீர்கள். பின் சீட்டில் ஐந்து முகங்கள், ஆசிரியை மடியில் அந்தப் பையன், பெல்ட் கொக்கி பக்கத்தில் சும்மா தொங்கும். விபத்து நடந்த இரவே அதை அழித்துவிடலாம் என்று பலருக்கும் தோன்றும். ‘அனைவருக்கும் அழி’ என்று அழுத்தினாலும் இருபது பெற்றோரின் போனில் அது சேமிப்பில் இருக்கும். சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது அதே சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். சாதாரணக் கவனக்குறைவாக இருந்ததை நீங்களே குற்ற மனமாக மாற்றிக் காட்டுவீர்கள்.

அது ஏன் ஆபத்து என்பதற்கு உங்களுக்குத் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது: இளைஞர் நீதிச் சட்டம், 2015, பிரிவு 75. பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே புறக்கணித்துத் துன்பத்துக்கு உள்ளாக்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. அதையே குழந்தைப் பராமரிப்பு நிறுவனம் நடத்துபவர் செய்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் வரை அபராதமும். இப்போது வழக்கு டிரைவர்மீது மட்டும்தான். ஆறு பேர் வண்டியில் 15 பேர் என்று தெரிந்தே ஏற்றினார்கள் என்று ஒரு புகார் மனு போனால், இந்தப் பிரிவைச் சேர்க்கச் சொல்லி அழுத்தம் வரும். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை மறுக்க உங்களுக்கு நல்ல வாதம் உண்டு. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போய் எதிலும் கையெழுத்திடாதீர்கள். முன்ஜாமீன் தேவையா என்று உள்ளூர்க் குற்றவியல் வழக்கறிஞரிடம் இந்த வாரமே பேசுங்கள்.

மூன்றாவது, முத்திரைத்தாள். பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். உரிமை அப்பாவுடையது அல்ல, பையனுடையது. மைனருக்காக அப்பா எழுதிக் கொடுக்கும் சமாதானம் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அவனைக் கட்டாது. 18 வயது தாண்டிய பிறகும் வழக்குப் போட அவனுக்குக் காலம் இருக்கும். நீங்கள் கொடுத்த 4 லட்சம் வீடு கட்டச் செலவாகியிருக்கும். அவன் கேட்கும்போது மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் நம்பியிருக்கும் ‘பள்ளி பொறுப்பல்ல’ படிவமும் இதே காரணத்தால் வெறும் காகிதம்தான். அதில் ‘பள்ளி வாகனத்தில் பாதுகாப்பாக அழைத்துச் செல்வோம்’ என்று ஒரு வரி இருந்தால், அது உங்களுக்கு எதிரான சாட்சி.

மூன்றரை வயதில் தொடை எலும்பு முறிந்தால் இன்னொரு விஷயமும் உண்டு. கூடியபின் அந்த எலும்பு மற்றக் காலைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அதிகம் வளர்ந்துவிடலாம். அது தெரிய ஒன்றரை, இரண்டு ஆண்டுகூட ஆகும். இன்று ஒரு தொகையைக் கொடுத்து ‘முடிந்தது’ என்று எழுதி வாங்குவது அந்தக் குழந்தைக்கும் நியாயமல்ல.

ஆனாலும் சமாதானமாகப் போங்கள் என்றே சொல்கிறேன். சிறுவர்களின் ஊனத்துக்கு 2013-இல் மல்லிகார்ஜுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவின்படி, 10 சதவீதம் வரை 1 லட்சம், 10-க்கு மேல் 30 வரை 3 லட்சம். சிகிச்சைச் செலவு, பெற்றோரின் வருமான இழப்பு, வட்டி எல்லாம் தனி. அதன்பின் வந்த தீர்ப்புகள் இன்னும் மேலே போகின்றன. முழு ஊனமான 12 வயதுச் சிறுமிக்கு 2020-இல் 62 லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். இந்தக் கணக்கில் 4 லட்சம் அநியாயத் தொகை அல்ல. நுகர்வோர் ஆணையப் பக்கமும் நிம்மதி இல்லை. கல்வி நிறுவனச் சுற்றுலாக்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய ஆணையம் 2020-இல் சொன்னது உண்மைதான். ஆனால் பள்ளிச் சுற்றுலாவில் மூளைக் காய்ச்சலால் பாதிக்கப்பட்ட பெங்களூரு மாணவிக்கு 88 லட்சத்துக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பகல்நேரக் காப்பகத்தைக் கல்வி நிறுவனம் என்று வாதாடுவது வேறு கடினம்.

வழி இது. அப்பா பையனின் சார்பில் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு) மனு போடட்டும். வண்டி உரிமையாளர், இன்சூரன்ஸ் நிறுவனம், உங்கள் பள்ளி மூவரையும் சேர்க்கட்டும். சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சாதீர்கள். சேர்ந்தால்தான் உங்களுக்கும் முடிவு கிடைக்கும். எலும்பு மருத்துவரின் மதிப்பீடு வந்தபின் மக்கள் நீதிமன்றத்தில் பேசுங்கள். சமாதானம் மைனரின் நன்மைக்கே என்று அப்பாவின் பிரமாணப் பத்திரமும் அவரது வழக்கறிஞரின் சான்றும் வைத்து அனுமதி பெற வேண்டும். பணம் பையன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போகும். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் உங்களுக்கு அதுதான் உண்மையான ரசீது. சட்டம் இந்தத் தீர்ப்பாய மனுவுக்குக் கொடுக்கும் காலம் விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். அது தாண்டினால் அப்பாவின் கோபம் குற்றப் புகாராகத்தான் மாறும்.

அதுவரை ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ரொக்கமாக அப்பா கையில் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக் கணக்குக்கே வங்கி வழியாகக் கட்டுங்கள். கூடவே ‘எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று ஒரு கடிதம். தையல் போட்ட மூன்று குழந்தைகளுக்கும் இதையே செய்யுங்கள். அவர்கள் வீட்டுக்கு நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். பள்ளிக்குப் பொறுப்புக் காப்பீடு ஏதாவது இருந்தால் அந்த நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

அடுத்த பயணத்துக்கு டி போர்டு (வாடகைக்கு ஓட்ட பர்மிட் உள்ள) வண்டி மட்டும். ஆர்.சி., எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், டிரைவர் உரிமம் ஐந்தின் தேதியையும் முந்தின நாளே எம்-பரிவாகன் செயலியில் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் வையுங்கள். மேக்சி கேப் என்றால் டிரைவர் நீங்கலாக அதிகபட்சம் 12 பேர். பெரியவர்களையும் அதில் எண்ண வேண்டும். ஆகவே 13 குழந்தைகளுக்கு இரண்டு வண்டி அல்லது இரண்டு நடை. இரண்டு குழந்தைகளை ஒரே பெல்ட்டில் கட்டாதீர்கள். மடியில் வைக்கவே கூடாது: வண்டி மோதும்போது 14 கிலோ குழந்தையை எந்த ஆசிரியையின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது, பெரியவரின் எடையும் அதன்மேல் விழும். அந்தப் பையனுக்கு நடந்தது அதுதான். பெயர்ப் பட்டியலை ஏறும்போதும் இறங்கும்போதும் வாசித்துக் குறியுங்கள். கதவைப் பூட்டும் முன் ஒருவர் கடைசி சீட்டு வரை போய், சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்த பிறகே டிரைவரிடம் சாவி போக வேண்டும்.