கணக்கில் லாபம், கையில் காசில்லை: பெரிய ஆர்டரை எடுக்கலாமா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு சின்ன மரப்பட்டறை நடத்துகிறேன். அலுவலகங்களுக்கு மேசை, அலமாரி செய்து கொடுக்கிறோம். மூன்று தச்சர்கள் இருக்கிறார்கள், செய்கிற உருப்படிக்கு ஏற்பக் கூலி. மாத விற்பனையை 100 என்று வைத்தால் மரத்துக்கு 40, கூலிக்கு 25, வாடகை, மின்சாரம், வண்டி எல்லாம் சேர்த்து 20. மீதி 15. அந்த 15-ஐ நான் கண்ணால் பார்த்ததில்லை. பல மாதங்களில் கூலிக்கே என் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன். வாங்கிய மரம் 25 நாள் கிடக்கிறது, செய்து முடிக்க 15 நாள், பில் பணம் வர 60 நாள். மரக்கடையில் எனக்கு 10 நாள்தான் தவணை. இப்போது ஒரு பெரிய நிறுவனம் என் வேலையை இரண்டு மடங்காக்கும் அளவுக்கு மாதாமாதம் ஆர்டர் தருவதாகச் சொல்கிறது. விலையில் 10 சதவீதம் குறைக்க வேண்டுமாம், பணம் 60 நாள் கழித்து வருமாம். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக இறங்கலாமா?

பதில்: ஆர்டரை எடுங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் நிபந்தனையில் வேண்டாம். வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். வேலையையும் இப்போதைக்கு விடாதீர்கள்.

முதலில் அந்த 15 எங்கே போகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் உங்களை உறுத்துவது அதுதான். யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அது உங்கள் பட்டறையிலும் வாடிக்கையாளர்களின் அலுவலகங்களிலும் மேசையாகவும் அலமாரியாகவும் நிற்கிறது. மரம் 25 நாள், வேலை 15 நாள், பாக்கி 60 நாள், ஆக 100 நாள். மரக்கடைக்காரர் பொறுத்துக்கொள்ளும் 10 நாளைக் கழித்தால் 90. அதாவது இன்று மரத்துக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வர மூன்று மாதம் ஆகிறது. மாதம் 40 என்றால் மரத்தில் மட்டும் 120 மாட்டிக்கொண்டிருக்கிறது. கூலிப் பணம் இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமாக வெளியே நிற்கிறது, அது ஒரு 55. இரண்டும் சேர்ந்து சுமார் 175. உங்கள் ஒன்றே முக்கால் மாத விற்பனைத் தொகை எப்போதும் வெளியிலேயே இருக்கிறது! இரண்டு ஆண்டுகளில் பட்டறை வளர வளர, ஒவ்வொரு மாத லாபமும் இந்தக் குழியை நிரப்பத்தான் போயிருக்கிறது.

இப்போது வேலை இரண்டு மடங்கானால்? இன்னொரு 175 வேண்டும், அதுவும் புதிய ஆர்டரிலிருந்து முதல் பணம் வருவதற்கு முன்பே. மாதம் மிஞ்சும் 15-ஐ அப்படியே சேர்த்தாலும் 11 மாதத்துக்கு மேல் ஆகும். வீட்டை அடமானம் வைக்கலாமா என்று உங்களை யோசிக்க வைத்தது இந்த இடைவெளிதான். தொழில் தொடங்குகிறவர்கள் வியாபாரம் இல்லாமல் போய்விடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். ஆனால் என்னிடம் கலங்கிப்போய் வந்தவர்களில் பலர் கை நிறைய ஆர்டர் வைத்திருந்தவர்கள். வெள்ளிக்கிழமை கூலிக்குப் பணமில்லை, அதுதான் அவர்களுடைய பிரச்சினை.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. மைக்கேல் டெல் 1984-ல் கல்லூரி விடுதி அறையில் தொடங்கிய கணினி நிறுவனம் அசுர வேகத்தில் வளர்ந்து, 1993-ல் கையில் ரொக்கம் இல்லாமல் தடுமாறியது. அதன் பிறகு அங்கே முன்னுரிமையை மாற்றினார்கள்: முதலில் ரொக்கம், அடுத்து லாபம், அதற்கப்புறம்தான் வளர்ச்சி. ஆர்டர் வந்த பிறகு கணினியைப் பொருத்துவது, உதிரிபாகக்காரர்களுக்குக் கொடுப்பதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கிவிடுவது என்ற முறையை இறுக்கிப் பிடித்தார்கள். வாடிக்கையாளர் பணத்திலேயே தொழில் ஓடியது. உங்கள் பட்டறைக்கும் அந்த வரிசை அப்படியே பொருந்தும்.

ஆகவே அந்த நிறுவனத்திடம் பேச வேண்டியது விலையைப் பற்றி அல்ல, முன்பணத்தைப் பற்றி. ஆர்டரோடு 40 சதவீதம் கேளுங்கள். உங்கள் மரச் செலவு சரியாக அந்த 40-தான். முன்பணம் வந்தால் மரத்துக்கு உங்கள் கைக்காசு தேவையே இல்லை. மீதிப் பணத்துக்கு அவர்கள் கேட்கிற 60 நாளைக் கொடுத்தாலும் உங்களுக்குத் தேவைப்படுவது 175 அல்ல, கூலிக்கான 55 மட்டும். அதைக் கடனாக வாங்க வேண்டியிருந்தாலும் வீட்டை வைக்கும் அளவுக்குப் போகாது. 40-க்கு ஒத்துக்கொள்ளவில்லையா, 25 கேளுங்கள். அதுவும் முடியாது என்றால், சரக்கு முழுவதும் போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் வாரம் ஒரு பகுதியாக அனுப்பி, அந்தந்தப் பகுதிக்கு அன்றே பில் போட ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்களில் பொருளை வாங்குகிறவர் ஒருவர், பணம் கொடுக்கிறவர் இன்னொருவர். 60 நாள் என்பது பில் கிடைத்த நாளிலிருந்தா, அவர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட நாளிலிருந்தா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்த ஒரு வரியில் 20 நாள் ஓடிவிடும்.

அடுத்து அந்த 10 சதவீதத் தள்ளுபடி. கேட்க 10 தானே என்று தோன்றும். ஒரு 100-ல் மரமும் கூலியும் 65 போனால் உங்களுக்கு நிற்பது 35. விலை 90 ஆனால் நிற்பது 25. அதே 35-ஐச் சம்பாதிக்க 40 சதவீதம் கூடுதலாகச் செய்ய வேண்டும். கூடுதல் மரம், கூடுதல் கூலி, கூடுதல் நாட்கள், அத்தனையும் உங்கள் முதலிலிருந்து. பழைய வாடிக்கையாளர் காதுக்கு எட்டினால் அவரும் அதே விலைதான் கேட்பார். தள்ளுபடிக்குப் பதிலாக இலவசமாகப் பொருத்தித் தருவது, குறித்த தேதியில் ஒப்படைக்க உறுதி, ஒரு ஆண்டுக்குப் பழுது பார்த்துக் கொடுப்பது என்று உங்களுக்குச் செலவு குறைவாகவும் அவர்களுக்கு மதிப்பு அதிகமாகவும் உள்ளதை முன்வையுங்கள்.

சீக்கிரம் பணம் தருகிறோம், அதற்குக் கழிவு கொடுங்கள் என்றும் அவர்கள் கேட்கலாம். 30 நாள் பில்லை 10 நாளில் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி என்பது வியாபாரத்தில் பழகிய வழக்கம். தள்ளுபடி கொடுப்பவருக்கு அது 20 நாளுக்கு 2 சதவீத வட்டி, ஆண்டுக் கணக்கில் சுமார் 37 சதவீதம். இதை நீங்கள் கொடுக்காதீர்கள். ஆனால் உங்கள் மரக்கடைக்காரர் இப்படி ஒன்றைச் சொன்னால், கையில் பணம் இருக்கும் மாதங்களில் விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விடுவது பற்றி. உங்கள் கணக்கில் ஒரு செலவு எழுதப்படவே இல்லை: உங்கள் உழைப்பு. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நீங்கள் செய்வதை வேறொருவரை வைத்துச் செய்தால் என்ன சம்பளம் கேட்பார்? 12 என்று வைப்போம். அப்போது மாதாமாதம் கட்டாயமாக வர வேண்டியது வாடகை முதலியவற்றுக்கு 20, உங்களுக்கு 12, ஆக 32. ஒவ்வொரு 100-லும் 35 நிற்கிறது என்பதால், சுமார் 91 விற்றால்தான் வரவும் செலவும் சரிக்குச் சரி. இப்போது விற்பது 100. ஒரே ஒரு வாடிக்கையாளர் ஒரு மாதம் ஆர்டரைத் தள்ளிப் போட்டாலே நஷ்டம்தான். உங்கள் மாதச் சம்பளம்தான் இன்று இந்தப் பட்டறையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அதை மனசார ஒத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்திலிருந்து பட்டறைக் கணக்கிலிருந்து அந்த 12-ஐ உங்கள் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஆறு மாதம் தடையில்லாமல் மாற்ற முடிந்து, ஆறு மாத வீட்டுச் செலவும் தனியாகச் சேர்ந்துவிட்டால் அப்போது ராஜினாமா கடிதம் எழுதுங்கள். இன்னும் ஒரே வங்கிக் கணக்கில்தான் இரண்டையும் ஓட்டுகிறீர்கள் என்றால் நாளைக்கே பிரித்துவிடுங்கள். வரிக்கான பங்கையும் பணம் வந்த அன்றே ஒதுக்கிவிட வேண்டும், அது உங்கள் பணமே அல்ல.

கடன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஐந்து ஆண்டு உழைக்கும் ஒரு இயந்திரத்துக்கு ஐந்து ஆண்டுத் தவணைக் கடன் வாங்கலாம், அது சம்பாதித்தே தன் தவணையைக் கட்டும். பாக்கி வரும்வரை கூலிக்கு ஈடுகட்ட, கணக்கில் இருப்பதை விட அதிகமாக எடுத்துக்கொண்டு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி கட்டும் ஓவர்டிராஃப்ட் என்ற வங்கி வசதி போதும். மூன்று மாதத் தட்டுப்பாட்டுக்கு வீட்டைப் பல ஆண்டுக்கு அடமானம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் தனி உரிமையாளராக நடத்துகிறீர்கள் என்றால் தொழில் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். கம்பெனியாகப் பதிந்திருந்தாலும், வங்கி நீட்டும் தாள்களில் சொந்த ஜாமீன் என்று ஒன்று இருந்தால் அதில் கையெழுத்திட்ட நொடியில் நிலைமை அதேதான்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. இந்த ஆர்டரோடு உங்கள் விற்பனையில் ஏறக்குறைய பாதி ஒரே நிறுவனத்திடமிருந்து வரும். அங்கே ஆள் மாறினால், பட்ஜெட் குறைந்தால், பாதிப் பட்டறை நின்றுவிடும். என்னைக் கேட்டால் ஒருவரிடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. முதல் மூன்று மாதம் அவர்கள் கேட்பதில் பாதியை மட்டும் எடுங்கள். மொத்த விற்பனையில் அது மூன்றில் ஒன்றாக நிற்கும், அவர்கள் சொன்ன நாளில் பணம் தருகிறார்களா என்பதும் தெரிந்துவிடும். பழைய வாடிக்கையாளர் யாருக்கும் தாமதம் ஆகவிடாதீர்கள்.

சரி, இதையெல்லாம் பேசப் போகும் முன் ஒரு மாலை உட்கார்ந்து, ஒரு தாளில் அடுத்த 13 வாரத்துக்குக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் தொடக்கத்தில் கையில் இருப்பு, அந்த வாரம் நிஜமாகவே வரப்போகும் பணம், நிஜமாகவே போகப்போகும் பணம், கடைசி இருப்பு. பில் போட்ட தேதியில் எழுதாதீர்கள், அந்த வாடிக்கையாளர் வழக்கமாகப் பணம் தரும் தேதியில் எழுதுங்கள். புதிய ஆர்டரையும் அதில் சேர்த்துப் பார்த்தால் ஏதோ ஒரு வாரத்தில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும். முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டிய எண் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.