இரட்டை ஈனும் ஆட்டின் மகள் மலடாவது ஏன்?

கேள்வி: எங்கள் செம்மறி மந்தையில் ஒரு கிடாயின் மகள்கள் பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈன்றன. அவற்றை அதே கிடாயுடன் சேர்த்தோம். அப்படிப் பிறந்த பெட்டைகளில் ஏறக்குறையப் பாதி, ஒன்றரை வயதாகியும் பருவத்துக்கு வரவில்லை. சத்துக்குறையா? ஹார்மோன் ஊசி போடலாமா?

பதில்: சத்துக்குறை என்றால் ஒரே மேய்ச்சலில் வளரும் மற்றப் பாதியும் பாதிக்கப்பட்டிருக்கும். தாய்க்கு இரட்டை, மகளுக்கு மலடு, அதுவும் பாதிக்குப் பாதி என்பதால், எனக்கு, செல் வளர்ச்சியை நெறிப்படுத்தும் டிஜிஎஃப்-பீட்டா மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்த பிஎம்பி15 என்ற மரபணு மீதுதான் முதல் ஐயம் எழுகிறது.

இந்த மரபணு தரும் புரதத்தைச் சினைமுட்டையே சுரந்து, தன்னைச் சூழ்ந்த செல்களை வளரத் தூண்டுகிறது. நியூசிலாந்தின் இன்வர்டேல் ஆடுகளில் இதன் பிழை 2000-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பெட்டைக்கு இம்மரபணுவின் பிரதிகள் இரண்டு. அவற்றில் ஒன்று மட்டும் பிழையானால் புரதம் குறைகிறது. முட்டைப்பைகள் (சினைப்பைக்குள் ஒவ்வொரு முட்டையையும் சூழ்ந்திருக்கும் சிறு பைகள்) சிறிதாக இருக்கும்போதே முதிர்ந்து, ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகள் வெளிவருகின்றன. இரண்டு பிரதிகளும் பிழையானால் முட்டைப்பைகள் தொடக்க நிலையிலேயே நின்றுவிடுகின்றன. அத்தகைய ஆட்டின் சினைப்பையை லேப்ராஸ்கோப் (வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் கருவி) வழியே பார்த்தால், சாதாரண ஆட்டில் தெரியும் நீர்க்கொப்புளங்கள் இன்றி, மெலிந்த நாடாவைப் போலக் காணப்படும். தூண்டுவதற்கு வளர்ந்த முட்டைப்பையே இல்லாத இடத்தில் ஹார்மோன் ஊசி பயன்தராது. அந்தச் செலவைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

பிஎம்பி15 எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கிடாய்க்கு எக்ஸ் ஒன்றே என்பதால், பிழையைச் சுமக்கும் கிடாய் தான் எவ்விதக் குறையுமின்றி இனச்சேர்க்கை செய்து, அதைத் தன் மகள்கள் அனைத்துக்கும் கொடுக்கும், மகன்களுக்குக் கொடுக்காது. அந்த மகள்களை அதே கிடாயுடன் சேர்த்தால் பிறக்கும் பெட்டைகளில் சராசரியாகப் பாதி மலடாகும். உங்கள் மந்தையில் நடந்திருப்பது இதுவே என்று கருதுகிறேன்.

இதே குடும்பத்தின் ஜிடிஎஃப்9 மரபணுவிலும் இவ்வாறு மலடாக்கும் பிழைகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் பூரூலா ஆடுகளில் காணப்படும் பிஎம்பிஆர்1பி என்ற மரபணுவின் மாற்றமோ வேறு வகை: இரண்டு பிரதிகள் இருந்தாலும் மலடாவதில்லை, முட்டைகள்தான் மேலும் கூடுகின்றன. ஆகவே எந்த மரபணு என்று தெரியாமல் கிடாயைக் கழிக்க வேண்டாம். கிடாய், ஈன்ற தாய்கள், பருவத்துக்கு வராத பெட்டைகள் ஆகியவற்றின் இரத்தத்தைக் கால்நடை மருத்துவர் மூலம் டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை மகள்களிடமிருந்து கிடாயைப் பிரித்து வையுங்கள். பிஎம்பி15 உறுதியானால், இந்தக் கிடாயைப் பிழையற்ற பெட்டைகளோடும், அதன் மகள்களைப் பிழையற்ற வேறொரு கிடாயோடும் மட்டுமே சேர்க்க வேண்டும்.