குடும்ப வழக்குக்கு வக்கீல் பிடிக்கும் முன்: குமரி வாசகர்களின் கேள்விகள்

கணவர் வீடு கேரளத்துப் பாறசாலை. நான் களியக்காவிளையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கிறிஸ்தவத் திருமணம். விவாகரத்துக்கு எந்த ஊர் வக்கீலைப் பார்க்க வேண்டும்?

முதலில் கோர்ட் எது என்று தெரிய வேண்டும், வக்கீல் பிறகு. 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டப்படி, கல்யாணம் நடந்த இடம், இருவரும் வசிக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் இவற்றில் ஒன்றில்தான் மனு போட முடியும். மனைவி இப்போது இருக்கும் ஊர் மட்டும் போதாது. அந்த வசதி 2003 முதல் இந்துத் திருமணச் சட்டத்தில் உண்டு, உங்களுக்கான சட்டத்தில் இல்லை. கல்யாணம் பெண் வீட்டுச் சபையில், குமரி மாவட்டத்தில் நடந்திருந்தால் நாகர்கோவில் குடும்ப நீதிமன்றம். மாப்பிள்ளை ஊரில் நடந்து, வாழ்ந்ததும் அங்கேதான் என்றால் கேரளக் கோர்ட். மலையாளம் படிக்கத் தெரிந்த, அங்கே தினமும் போகும் வக்கீல் வேண்டும். இதைக் கவனிக்காமல் போட்ட மனு, ஒரு வருடம் வாய்தா நடந்த பிறகு அதிகார எல்லை இல்லை என்று திரும்பி வரும்.

குடும்ப வன்முறை மனு வேறு கணக்கு. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே போடலாம், குழித்துறை மாஜிஸ்திரேட் கோர்ட் போதும்.

மறைமாவட்டத் தீர்ப்பாயம் எங்கள் திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. இன்னும் வக்கீல் எதற்கு?

அது திருச்சபைக்குள் மட்டும் செல்லும். சிவில் கோர்ட் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்தால் இருதார வழக்கு வரும். 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

விளம்பரமே இல்லையே, நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?

வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி தடை போட்டிருக்கிறது. போஸ்டர் ஒட்டுகிறவரைச் சந்தேகப்படுவதே நல்லது. இ-கோர்ட்ஸ் செயலியில் மாவட்டத்தையும் கோர்ட்டையும் தேர்ந்தெடுத்து, வக்கீல் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவர் நடத்தும் வழக்குகள் பட்டியலாக வரும். குடும்ப வழக்குகள் எத்தனை, எவ்வளவு முடிந்திருக்கின்றன என்று பாருங்கள். பட்டியல் முழுக்க செக் மோசடியும் வாகன விபத்தும் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். மெட்ராஸில் பெரிய பெயர் என்பதைவிட, வாய்தா அன்று காலை நாகர்கோவில் கோர்ட் வாசலில் நிற்பவர் என்பதற்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

ஜீவனாம்சம் கிடைத்தால் அதில் ஒரு பங்கு தா, ஃபீஸ் வேண்டாம் என்கிறார் வக்கீல்.

வெற்றியைப் பொறுத்து ஃபீஸ் பேசுவது வக்கீல் தொழிலில் தடை செய்யப்பட்டது. வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். மனு தயாரிக்க எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு, டைப்பிங், நோட்டீஸ் செலவு தனியா என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்காலத்திலும் (உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) பெயரும் கோர்ட்டும் நிரப்பிய பிறகே. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் (2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு). சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வாடகைச் சீட்டு எல்லாம் முதல் சந்திப்பிலேயே எடுத்துப் போங்கள்.

கையில் காசே இல்லை என்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தேசிய சட்ட உதவி எண் 15100.

துபாயில் இருக்கிறேன். வீட்டுக்குச் சம்மன் வந்திருக்கிறது.

அப்பாவிடம் சொல்லிக் கதவை அடைக்க வைக்காதீர்கள். சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு கொடுத்துவிடுவார்கள். அதை ரத்து செய்ய மனு போட 30 நாள்தான் கெடு. நேரில் வர முடியாவிட்டால், உங்களுக்காக வழக்கைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒருவருக்குப் பவர் பத்திரம் கொடுக்கலாம். தூதரகத்தில் கையெழுத்திட்ட அந்தப் பத்திரம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். ஆனால் பவர் வாங்கியவர் உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயத்துக்குச் சாட்சி சொல்ல முடியாது. அதற்கு நீங்களே வர வேண்டும், அல்லது வீடியோ மூலம் சாட்சி சொல்ல அனுமதி கேட்க வேண்டும்.

வக்கீலை மாற்றலாமா? ஃபீஸ் பாக்கி இருப்பதால் வழக்குக் கட்டை (ஃபைலை) தர மறுக்கிறார்.

மாற்றலாம். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை (உச்ச நீதிமன்றம், 2000). பாக்கியை அவர் தனியாக வசூலித்துக்கொள்ளட்டும்.