ஸ்லிப் வந்தது, காசு வரவில்லை

கேள்வி: மருதமுனையில் நான்கு தறி வைத்துச் சாரம் நெய்து விற்கிறேன். கொழும்பிலிருந்து ஒருவர் போனில் 185,000 ரூபாவுக்கு ஓடர் தந்து, வெள்ளி பின்னேரம் என் கணக்கில் காசு போட்டதாக வங்கி ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினார். சனிக்கிழமை அவருடைய லொறி வந்து சரக்கை ஏற்றிப் போனது. செவ்வாய்க்கிழமை பார்த்தால் அவர் போட்டது காசோலை, அது திரும்பிவிட்டது. பொலிஸில் ‘இது சிவில் விஷயம்’ என்கிறார்கள். காசை எடுத்துத் தருவதாக ஒருவர் செலவுக்கு 20,000 கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ‘மேலிடத்தில் ஆள் இருக்கு’ என்று வருபவர், இருக்கிற காசையும் கறக்கத்தான் வருகிறார். இன்று 20,000, அடுத்த கிழமை வேன் வாடகை, பிறகு லோயருக்கு என்று ஒரு தொகை. ரசீது கேட்டுப் பாருங்கள், அதன்பின் போனையே எடுக்க மாட்டார்.

அந்த ஸ்லிப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். பணத்துக்கான கட்டம் வெறுமை. காசோலை இலக்கம் ஒன்று இருக்கும். காசோலையை யாரும் யாருடைய கணக்கிலும் போடலாம். வெள்ளி பின்னேரம் போட்டது திங்கள்தான் கிளியரிங் போகும், அதாவது அவருடைய வங்கியிடம் காசு கேட்டுப் போகும், தேறியதா என்பது செவ்வாயில்தான் தெரியும். இவர்களுக்கு வெள்ளிக்கிழமை பிடிப்பது அதனால்தான். முப்பது வருடம் வங்கிக் கவுண்டரில் இருந்தவன் சொல்கிறேன்: ‘காசு வந்துவிட்டதா?’ என்று கேட்டால், கணக்கில் தெரிகிற தொகையைப் பார்த்து ‘ஓம்’ என்பார்கள். ‘இப்போதே எடுக்கலாமா?’ என்று கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு. அவருடைய காசோலையும் உங்கள் கணக்கும் ஒரே வங்கி என்றால் அன்றே தெரிந்துவிடலாம். ஆனால் ‘ஒரே வங்கிதான்’ என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். கிளையையும் நம்பாதீர்கள், கூட்டமாக இருந்தால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பார்கள். அப்போதும் அதே கேள்விதான்: எடுக்கலாமா? ‘ஓம்’ என்ற பிறகுதான் சரக்கு.

சரி, பொலிஸ். ‘காசோலை திரும்பிவிட்டது’ என்று ஆரம்பித்தீர்கள், அவர்களும் அதைச் சாட்டாக வைத்துத் தட்டிவிட்டார்கள். எழுதுவது குறையும் அல்லவா? ‘காசு போட்டதாக ஸ்லிப் காட்டி ஏமாற்றிச் சரக்கை எடுத்துப் போனார்’ என்று சொல்லுங்கள். அது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவு. கணக்கில் காசில்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவதும் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தில் குற்றம். திரும்பியதற்கு வங்கி தந்த கடிதத்தில் ‘கணக்கு மூடப்பட்டது’ என்றிருந்தால் அதை முதலில் காட்டுங்கள். முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் எழும்பாதீர்கள்.

வட்ஸ்அப்பில் எதையும் அழிக்க வேண்டாம். லொறியின் இலக்கம் யாருக்காவது நினைவிருக்கிறதா? பக்கத்துக் கடைக் கமராவில் பாருங்கள். லொறி பெரும்பாலும் வாடகைக்கு எடுத்ததுதான். சாரம் எங்கே இறங்கியது என்று அந்தச் சாரதிக்குத் தெரியும்.